மெஷினுக்கு உரிமம் உண்டு

வாஷிங் மெஷின் பாடும் பாட்டை மனிதர்கள் பாடக் கூடாது என்று ஒரு சட்டம் இருப்பது, இருபத்திரண்டு வருடமாக வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் மெக்கானிக்குக்குத் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒரு டிரம்முக்குள் அவர் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது, அந்தச் சட்டம் போனுக்கு வந்து சேர்ந்தது.

'தங்கள் பெட்டகத்தில் உள்ள 38ஆம் காணொளியில் உரிமை பெற்ற இசை, அனுமதியின்றி நிகழ்த்தப்பட்டுள்ளது. இது தங்களது இரண்டாம் மீறல். மூன்றாம் மீறலுடன் பெட்டகம் அழிக்கப்படும். தங்கள் எண்ணின் எல்லாச் சேவைகளும் நிறுத்தப்படும். இந்த நாள் இனிய நாளாகட்டும். ஒலியுரிமைக் காப்பு ஆணையம்.'

மெக்கானிக் மூன்று தடவை படித்தார். இனிய நாள் என்பது மட்டும் புரிந்தது. போனை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார். அங்கே அவர் மச்சினன் போன் கடை வைத்திருந்தான். சட்டம், கணினி, ஜுரம் மூன்றுக்கும் வீட்டில் அவனைத்தான் கேட்பது வழக்கம்.

"இது ரெண்டாவதுன்னு போட்டிருக்கே மாமா. மொதல்ல ஒண்ணு வந்திருக்கணுமே?"

"வந்துது. பரிசு விழுந்திருக்குன்னு வருமே, அந்த மாதிரி ஏதோன்னு அழிச்சுட்டேன்."

"நல்லா அழிச்சீங்க. இப்ப அவங்க நம்மள அழிக்கப் போறாங்க. அப்படி என்ன பாட்டு பாடித் தொலைச்சீங்க?"

"நான் எங்கடா பாடினேன்? உங்க அக்கா."

மச்சினன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

அவன் அக்காவுக்கு ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு திரும்பியது. இடது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கை மெல்ல அசைகிறது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. பத்தொன்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். அவள் குரல் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். கல்யாணமான மறு வருடத்திலிருந்து புருஷனும் அப்படித்தான். அந்த டீச்சர் மூன்று மாதம் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சொல் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போவது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கே தெரிந்தது.

அப்போது ஒருநாள் மெக்கானிக், கடையாக்கியிருந்த வீட்டு முன்னறையில் ஒரு மெஷினைச் சோதித்துக்கொண்டிருந்தார். துவைத்து முடித்ததும் அது வழக்கம்போலப் பாடியது. டி-டி-டீ, டி-டி-டீ, டி-டீ-டூ. ஒன்பது சுரம். பின்னறையிலிருந்து இன்னொரு முறை அதே பாட்டு வந்தது. இன்னொரு மெஷின் அங்கே கிடையாது. மெக்கானிக் ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடினார். டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து, தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று தெரியாதவள்போல அவரைப் பார்த்தாள்.

வேறு ஊரில் இருக்கும் பேச்சு டாக்டரம்மா, போனில் குழந்தை மாதிரி குதித்தாள். "பேச்சு போனாலும் பாட்டு தங்கும்ங்க சிலருக்கு. மூளைல அது வேற பக்கம். அந்த மெட்டை விடாதீங்க. அது மேல சொல்லை ஏத்துங்க. கைத்தடி மாதிரி. கொஞ்ச நாள்ல தடியை மெல்ல எடுத்துடலாம். தினம் ஒரு வீடியோ அனுப்புங்க. மொத ஒரு வருஷம்தான் முக்கியம், ஒரு நாளைக்கூட வீணாக்காதீங்க."

போனில் எடுப்பதெல்லாம் தானாகப் போய்ச் சேரும் பெட்டகத்தில், அப்படிச் சேர்ந்தவைதான் நாற்பத்தோரு வீடியோக்கள். டீச்சரிடம் இப்போது மூன்று வாக்கியங்கள் இருந்தன. எனக்குத் தண்ணி வேணும். ஜன்னலைத் திறந்து விடு. நீ சாப்பிட்டியா. மூன்றையும் மெஷின் மெட்டில் பாடினாள். மெட்டு முழுசாகத் தப்பாமல் வந்தது இரண்டு வீடியோவில் மட்டும்தான். மெட்டை எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை.

"வேற பாட்டுல மாத்திப் பாருங்களேன் மாமா."

"எல்லாம் பாத்தாச்சு மாப்ளே. அவ வாய்ல நிக்கறது இது ஒண்ணுதான். இருபத்திரண்டு வருஷமா தினம் காதுல விழுந்தது."

"அப்ப நேர்ல போய்ச் சொல்லுங்க. மனுஷங்கதானே."

மனுஷங்கதான் என்பதை மெக்கானிக் மறுநாள் நேரில் போய்த் தெரிந்துகொண்டார்.

ஆணையத்தின் கட்டடம் நான்கு மாடி. உள்ளே நுழைந்ததும் ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்: 'இந்த வளாகத்துக்குள் முணுமுணுக்கவோ, சீட்டியடிக்கவோ, தாளம் போடவோ மாட்டேன்.' லிஃப்ட் வந்து நின்றால் சத்தம் வராது. கதவு திறந்து மூடியபிறகுதான் அது வந்ததே தெரியும். காத்திருந்தவர்கள் பார்வையை லிஃப்டிலிருந்து எடுக்காமல் நின்றார்கள். காத்திருப்போர் அறையிலும் மணி இல்லை. ஒரு ஊழியர் எண் எழுதிய அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அறையைச் சுற்றி நடந்தார். ஒருவர் கண்ணயர்ந்துவிட்டால் அவர் முறை போய்விடும்.

"மணி ரிப்பேருங்களா? நான் பாக்கறேனே" என்றார் மெக்கானிக்.

"மணி நல்லாத்தான் இருக்கு. அதோட சத்தம் வழக்குல இருக்கு" என்றார் அட்டைக்காரர்.

முகப்பு அலுவலர் நடுத்தர வயதுப் பெண்மணி. கனிவான முகம். மெக்கானிக் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, ஒரு படிவத்தை எடுத்தாள்.

"நிகழ்த்தினவங்க தொழில்முறைப் பாடகியா?"

"கணக்கு டீச்சருங்க."

"ரசிகர்கள் எத்தனை பேர்?"

"ரசிகரா? வீடியோவை நான் பாப்பேன். டாக்டரம்மா பாப்பாங்க."

'ரசிகர்கள்: 2. வளரும் நிலை' என்று எழுதினாள்.

"என்ன நோக்கத்துல பாடினாங்க? பொழுதுபோக்கு, விளம்பரம், கேலி, மற்றவர் மனத்தைப் புண்படுத்தல். நாலுல ஒண்ணு சொல்லுங்க."

"தண்ணி கேக்கறதுக்கு."

"தண்ணிக்குக் கட்டம் இல்லையே." பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்தாள். "விளம்பரம்னு போட்டுக்கறேன். ஒரு பொருள் வேணும்னு சொல்றாங்க இல்ல?"

"அம்மா, அந்தப் பாட்டை என் கடைல மெஷின் ஒரு நாளைக்கு எட்டு தடவை பாடுது. யாரும் ஒண்ணும் சொன்னதில்ல."

"மெஷினுக்கு உரிமம் இருக்கு. தயாரிக்கும்போதே வாங்கிடுவாங்க. உங்க மனைவிக்கு வாங்கினீங்களா?"

"இல்லைங்க."

"அதான்" என்றாள், பிள்ளைக்குத் தடுப்பூசி போட மறந்துவிட்டவரிடம் சொல்வதுபோல. "கவலைப்படாதீங்க. மருத்துவ விலக்குன்னு ஒண்ணு இருக்கு. வீடியோவை எங்க அலுவலர் பாத்து, நிஜமாவே நோயாளிதான்னு எழுதினா போதும்."

"இப்பவே காட்டறேன்." மெக்கானிக் போனை எடுத்தார்.

அவள் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். "காட்டாதீங்க! அது அவங்க அந்தரங்கம்! மூணாவது மாடிக்குப் போய்ச் சம்மதம் பதிஞ்சுட்டு வாங்க."

மூன்றாவது மாடியில் அந்தரங்கக் காப்புப் பிரிவு. கதவில் எண் இல்லை. மேஜைமேல் இருந்த பெயர்ப் பலகையில் காகிதம் ஒட்டி மறைத்திருந்தது. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அலுவலர், மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். பார்ப்பதே ஒருவகை ஊடுருவல் என்று அவர் விளக்கினார்.

"காணொளியில் இருக்கறவங்க தன் சொந்தக் குரல்ல, 'நான் சம்மதிக்கிறேன்'னு சொல்லணும். நாங்க பதிவு பண்ணுவோம்."

"அவளுக்குப் பேச்சு வராதுங்க. அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"பேச்சு வராதுங்கறதை நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"வீடியோவைப் பாருங்க."

"சம்மதம் இல்லாம எப்படிப் பாக்கறது?"

பெல்ட் அறுந்த மெஷினில் மோட்டார் மட்டும் சுற்றும், டிரம் அசையாது. மெக்கானிக்குக்கு அந்த ஞாபகம் வந்தது.

"தலையாட்டினா போதாதுங்களா? கைநாட்டு வெப்பா."

"எதுக்குத் தலையாட்டினாங்கன்னு நாளைக்கு ஒரு கேள்வி வரும். ஒரு தனிமனுஷியோட அந்தரங்கம்ங்க. விளையாட்டு இல்ல."

"சரிங்க. யாருமே பாக்கலைன்னா, அதுல பாட்டு இருக்குன்னு ஆணையத்துக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கணினி கேட்டுச்சு."

"நாப்பத்தோரு வீடியோவையுமா?"

"உங்க பெட்டகத்துல இருக்கற எல்லாத்தையும். உங்க ஊர்ல எல்லார் பெட்டகத்தையும். தினமும்." குரலில் பெருமை இருந்தது.

"அதுக்குச் சம்மதம்?"

"செயலியை இறக்கினப்ப 'சரி'ன்னு அழுத்தினீங்களே. அம்பத்தாறு பக்கம். பதினொன்னாம் பக்கத்துல இருக்கு." அலுவலர் சுவரைப் பார்த்துப் புன்னகைத்தார். "அதுவுமில்லாம கணினி மனுஷன் இல்லையே. மனுஷன் கேட்டாத்தான் அந்தரங்கம் கெடும்."

மெக்கானிக் வீட்டுக்கு வந்து டீச்சருக்கு எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வீடியோ எடுக்கவில்லை. போனை அடுத்த அறையில் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார். ஒன்பது நாளில் டீச்சர் நான்காவது வாக்கியத்தைக் கற்றுக்கொண்டாள். 'நான் சம்மதிக்கிறேன்' மெஷின் மெட்டில் அழகாகவே உட்கார்ந்தது. கடைசி 'றேன்' மட்டும் கொஞ்சம் நீண்டது.

ஆனால் அதைப் பதிவு செய்தால் அதுவே மூன்றாம் மீறல். மெக்கானிக் மறுபடி மாடியேறிக் கேட்டபோது அந்தரங்க அலுவலர் சுவரை நோக்கிக் கையை விரித்தார். சம்மதம் பாட்டாக வந்தால் அது சம்மதமா, நிகழ்ச்சியா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் தலைவருக்கே உண்டு. வியாழக்கிழமை நேர்விசாரணை. சம்பந்தப்பட்டவரையும் அழைத்து வர வேண்டும்.

டீச்சர் வெளியே கிளம்பி ஐந்து மாதமாயிற்று. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது கட்டும் நீலப் புடவையை எடுத்துக் காட்டினாள். மச்சினன் ஒரு பக்கமும் மெக்கானிக் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு நான்காவது மாடிக்கு ஏற்றினார்கள். லிஃப்ட் அவர்கள் பார்க்காதபோது வந்து போயிருந்தது.

விசாரணை அறையில் நீண்ட மேஜை. சுவரில் நான்கு ஒலிவாங்கிகள். ஒரு பக்கம் குஷன் வைத்த காலி நாற்காலி, அதன் முன்னால் மூடிபோட்ட தண்ணீர். வாஷிங் மெஷின் நிறுவனத்தின் இருக்கை அது. நிறுவனம் எந்த விசாரணைக்கும் வந்ததில்லையாம். உள்ளே வந்த ஊழியர்கள் அந்த நாற்காலிக்கு லேசாகத் தலைகுனிந்துவிட்டுப் போனார்கள்.

தலைவர் வந்தார். எழுந்து நின்றவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, தான் நின்றுகொண்டே பேச ஆரம்பித்தார்.

"நானும் ஒரு காலத்தில் கவிதை எழுதியவன். கலைஞனின் வலி எனக்குத் தெரியும். ஒரு சுரத்தைப் பெற்றெடுக்க அவன் எத்தனை இரவு விழித்திருப்பான்! அந்தக் குழந்தையை யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு போய், தண்ணீர் கேட்கப் பயன்படுத்தினால் அவன் நெஞ்சு என்ன பாடுபடும்!" கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "இந்த ஆணையம் இல்லையென்றால் நாட்டில் இசையே இருக்காது. நான் பொறுப்பேற்ற பிறகு இந்த நகரத்தில் முணுமுணுப்பு எழுபது சதவீதம் குறைந்திருக்கிறது. சாலையில் நடந்து பாருங்கள். எவ்வளவு அமைதி!"

மெக்கானிக் கையைத் தூக்கினார். "ஐயா, அந்தப் பாட்டைப் போட்ட கலைஞர் யாருன்னு சொன்னீங்கன்னா, நானே கால்ல விழுந்து கேட்டுக்குவேன். பேச்சில்லாதவளுக்கு வேணாம்னு எந்தக் கலைஞரும் சொல்ல மாட்டார்."

தலைவர் கோப்பைப் புரட்டினார். "படைத்தவர்... 'நிறுவனத்தின் உதிரிபாகப் பிரிவு, மூன்றாம் தளம்' என்று இருக்கிறது." மறுபடி கண்ணை ஒற்றிக்கொண்டார். "பெயரைக்கூடத் தியாகம் செய்திருக்கிறார் பாருங்கள்."

மச்சினன் மெக்கானிக்கின் காதுக்குள், "மாமா, இந்த ஆளுக்கு எந்த சர்க்யூட் போர்டு போயிருக்குன்னு பாருங்க" என்றான். அதுவும் பதிவானது.

"இருந்தாலும் ஆணையம் இரக்கமற்றது அல்ல" என்றார் தலைவர். "நியாயப் பயன்பாடு என்று ஒரு விதி இருக்கிறது. ஒரு படைப்பில் மூன்றில் ஒரு பங்கை யாரும் பயன்படுத்தலாம். இந்தப் பாட்டில் ஒன்பது சுரங்கள். ஒன்பதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது இரண்டு. ஆகவே அம்மையார் இரண்டு சுரம் வரைக்கும்..."

"மக்கு! உக்காரு!"

குரல் அறையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

தலைவர் உட்கார்ந்துவிட்டார். அவரோடு, ஓரத்தில் நின்றிருந்த ஊழியர் ஒருவரும் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நாற்காலி இல்லை.

டீச்சர் இடது கையின் சுட்டுவிரலை நீட்டியபடி நின்றாள். முகம் சிவந்திருந்தது. அவள் சொன்னதில் மெட்டு இல்லை. ஒரு சுரம்கூட இல்லை. பத்தொன்பது வருடம் தப்புக் கணக்குப் போட்ட பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னதை, நோய் தொட முடியாத ஏதோ ஓர் இடுக்கிலிருந்து எடுத்து, அப்படியே வீசியிருந்தாள்.

மெக்கானிக்குக்கு எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. "பேசிட்டா! மாப்ளே, பேசிட்டாடா! பாட்டே இல்லாம பேசிட்டா! ஐயா, கேட்டீங்களா, நல்லாப் பேசிட்டா!" என்று கத்திக்கொண்டு டீச்சரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மச்சினன் அழுதான். டீச்சர் சிரித்தாள், ஒரு பக்க உதட்டால்.

இந்த மகிழ்ச்சி ஒன்றரை நிமிடம் நீடித்தது. அதற்குள் தலைவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பியிருந்தார்.

"குறித்துக்கொள்ளுங்கள். மேற்படி நபருக்கு இசையின் துணையின்றிப் பேசும் திறன் இருப்பது ஆணையத்தின் முன்னிலையில் நிரூபணமாகிவிட்டது. அவர் நன்றாகப் பேசுவதாக அவர் கணவரே நான்கு முறை வாக்குமூலம் அளித்துள்ளார். ஆகவே மருத்துவ விலக்கு மறுக்கப்படுகிறது. அந்த இல்லத்தில் அறுபது நாள் கண்காணிப்புப் பெட்டி பொருத்தப்படும். அதுவரை பெட்டகம் பூட்டப்பட்டிருக்கும். மீறினால் அழிக்கப்படும்." கொஞ்சம் யோசித்தார். "இரண்டு சுரங்கள் என்பதில் மாற்றமில்லை."

"ஐயா, அது ஒரு வார்த்தைதாங்க. கோவத்துல வந்தது..."

"கோபத்தில் வருவதுதான் உண்மைப் பேச்சு" என்றார் தலைவர். நிறுவனத்தின் நாற்காலிக்குத் தலைகுனிந்துவிட்டு வெளியே போனார்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தபோது அவள் குதிக்கவில்லை. "திட்டு வர்றது பேச்சு வர்றது ஆகாதுங்க. நிறையப் பேருக்கு அது மட்டும் தங்கியிருக்கும். அதை வெச்சு அடுத்த படிக்குப் போக முடியாது. தடியைப் பிடுங்கிட்டு நடன்னா எப்படி? அறுபது நாளா?" என்று கேட்டாள். "மீறிடாதீங்க. நீங்க போன் நம்பரையும் இழந்துட்டா நான் அவங்களைப் பாக்கவே வழி இல்ல. பழைய வீடியோ இல்லாம எங்க இருந்தாங்க, எங்க வந்தாங்கன்னும் சொல்ல முடியாது. எப்படியாவது தள்ளுங்க."

பெட்டியை ஒரு ஊழியர் வந்து சாப்பாட்டு மேஜைக்கு மேலே சுவரில் பொருத்தினார். சோப்புக்கட்டி அளவு. பச்சை விளக்கு. ஒரு சுரத்துக்கு ஒன்றும் ஆகாது. இரண்டுக்கு மஞ்சள். மூன்றுக்குச் சிவப்பு, அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. முன்னறையில் மெஷின் துவைத்து முடித்து ஒன்பது சுரத்தையும் பாடியது. விளக்கு பச்சையாகவே இருந்தது.

"பாத்தீங்களா, நல்ல பெட்டி. யாரு பாடறாங்கன்னு அதுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஊழியர் போனார்.

"அறுபது நாள்தான் டீச்சர்" என்றார் மெக்கானிக். "கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிடும்."

"மக்கு" என்றாள் டீச்சர்.

முதல் வாரம் முழுக்க அந்த ஒரு சொல்லை வைத்துக் குடும்பம் நடந்தது. மெதுவாகச் சொன்னால் தண்ணீர். இழுத்துச் சொன்னால் ஜன்னல். வெடுக்கென்று சொன்னால் அது மெக்கானிக்குக்கே உரியது. பெட்டி எதற்கும் ஆட்சேபம் சொல்லவில்லை. பழக்கதோஷத்தில் "எனக்" என்று அவள் தொடங்கிவிட்டால் மஞ்சள் எரியும், மெக்கானிக் விரலை உதட்டில் வைப்பார், அவள் நிறுத்திக்கொள்வாள்.

பதிமூன்றாம் நாள் மெக்கானிக் மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தார். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. டீச்சர் சுவரைப் பிடித்தபடி நடந்துவந்து எதிரே நின்றாள். அவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு பாட ஆரம்பித்தாள்.

"நீ ஏன்..."

அது மூன்று வாக்கியங்களில் ஒன்று இல்லை. நான்காவதும் இல்லை. யாரும் சொல்லித் தராதது. அவளாகவே கட்டிய வாக்கியம். மெக்கானிக் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். சுவரில் மஞ்சள் எரிந்தது. அவர் ஒரே எட்டில் போய், வலது உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினார்.

அவள் உதடு உள்ளங்கைக்கு அடியில் இன்னும் இரண்டு முறை அசைந்தது. அப்புறம் நின்றுவிட்டது. விளக்கு பச்சைக்குத் திரும்பியது.

"மன்னிச்சுக்கோ டீச்சர். என்ன சொல்ல வந்தே? எழுதிக் காட்டறியா? கையக் காட்டு, ஜாடை காட்டு..."

எழுத்தும் பேச்சோடு போனதுதான். அவருக்கே தெரியும். அவள் திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு நடந்தாள். அவள் கேட்க வந்தது 'நீ ஏன் சாப்பிடலை'யா, 'நீ ஏன் இப்படி இளைச்சுட்டே'யா, 'நீ ஏன் பயப்படறே'யா என்று மெக்கானிக் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு மஞ்சள் எரியவில்லை. ஒருவாரம் கழித்து 'மக்கு'வும் நின்றது.

அறுபத்தோராம் நாள் ஊழியர் வந்து பெட்டியைக் கழற்றினார். உறையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்து நீட்டினார். கீழே தலைவரின் கையெழுத்து. 'ஒலியுரிமையை மதித்து நடந்த முன்மாதிரி இல்லம்' என்று பொன்னெழுத்தில் இருந்தது. பிற்பகலில் பெட்டகம் திறந்துகொண்டது. நாற்பத்தோரு வீடியோவும் பத்திரமாக இருந்தன. முப்பத்தெட்டிலும் அதற்கு முந்தைய குற்றத்திலும் சத்தம் மட்டும் நீக்கப்பட்டிருந்தது. டாக்டரம்மா உடனே செய்தி அனுப்பினாள்: இன்னிக்கே புது வீடியோ ஒண்ணு வேணும். மெட்டு ரெண்டு சுரமாவது வருதான்னு பாக்கணும். சும்மா ஒரு நிமிஷம் போதும்.

மெக்கானிக் போனை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்தார். டீச்சருக்குத் தலை வாரிவிட்டார். எதிரே முக்காலியில் உட்கார்ந்தார்.

"பெட்டி போயிடுச்சு டீச்சர். பாரு, சுவத்துல ஒண்ணும் இல்ல. ரெண்டு சுரம் பாடலாமாம், அவங்களே சொல்லிட்டாங்க. 'நீ ஏன்'னு ஆரம்பிச்சியே அன்னிக்கு. அதையே சொல்லு. அவ்வளவுதான். மிச்சத்தை நான் கண்டுபிடிச்சுக்கறேன்."

டீச்சர் அவரைப் பார்த்தாள். உதடு ஒட்டியிருந்தது.

"சரி. நான் எடுத்துக் குடுக்கறேன். கூடச் சேந்துக்கோ."

மெக்கானிக் பாடகர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "டி-டி..." என்று ஆரம்பித்தார்.

டீச்சரின் இடது கை பாய்ந்து வந்தது. இத்தனை நாளில் அவள் எதற்கும் இவ்வளவு வேகமாகக் கையை நீட்டியதில்லை. அவர் வாயை அழுத்திப் பொத்தினாள். கண்களைச் சுவர், கூரை, போன் என்று ஓட்டினாள். அவர் விலக்கப் பார்த்தார், இன்னும் இறுக்கினாள். அவர் கன்னம் நனைந்து அவள் விரல்களும் நனைந்தபிறகும் எடுக்கவில்லை.

போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டது. ஒரு நிமிடம் முடிந்ததும் தானாகவே பெட்டகத்துக்கு அனுப்பியது. கணினி கேட்டது. பச்சையில் ஒரு வரி வந்தது.

'விதிமீறல் ஏதும் இல்லை. நன்றி.'